தேவசிகாமணியின் தொட்டியை இடிக்காதீர்கள்

தலைமை ஏற்றிருக்கும் முதல்வர் பிரிஸில்லா அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சாலோமி அம்மாள் அவர்களே, பாளையங்கோட்டை வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் ஆசிரியர்களே, மாணவ மாணவியரே, வணக்கம்.

நம் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் பேராசிரியர் தேவசிகாமணி மறைந்துவிட்டார். அவரைப் புகழத்தான் என்னை அழைத்தீர்கள். புகழ்கிறேன். ஆனால் இயற்பியல் துறையில் உட்கார்ந்துகொண்டு பதினாறு வருடம் அந்த மனிதரிடம் நான் பட்ட பாட்டையும் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு தொட்டி கட்டினார். அதன்மேல் தராசு, தராசில் தொங்கும் நாற்காலி. தராசு என் ஆய்வகத்துடையது. கேட்டாரா? கேட்கவில்லை. கொழுப்பு தண்ணீரைவிட லேசானது, தசை கனமானது. ஒருவரை வெளியே ஒருமுறையும் தண்ணீருக்குள் ஒருமுறையும் எடை போட்டால் உடம்பின் அடர்த்தி தெரியும். அதிலிருந்து கொழுப்பைக் கணக்கிடலாம். இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாவி நான்தான்.

முதல் வருடம் என்ன நடந்தது? பளுதூக்கும் மாணவி டார்லினுக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு பங்கு கொழுப்பு என்று வந்தது. உடனே விடுதியில் அவள் சோற்றைப் பாதியாக்கினார். மூன்றே வாரத்தில் அந்தப் பெண் பயிற்சியில் மயங்கி விழுந்தாள்.

"உம்ம பௌதிகம் பொய் சொல்லுது வே" என்று என் அறையில் வந்து நின்றார். எரிச்சலோடு தொட்டிக்குப் போனேன். டார்லின் தண்ணீருக்குள் முங்கினாள். ஒரு குமிழிகூட மேலே வரவில்லை. மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டு அல்லவா முங்க வேண்டும்? நெஞ்சில் காற்று இருந்தால் உடம்பு மிதக்கப் பார்க்கும். அந்த மிதப்பும் கொழுப்பாகக் கணக்கில் ஏறிவிடும்.

ஏன் விடவில்லை என்று கேட்டோம். "ஆத்துல முங்குதப்போ மூச்சப் பிடிச்சுத்தானே சார் முங்குவோம்? விட்டா மூக்குல தண்ணி ஏறிருமே" என்றாள்.

கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் வளர்ந்த பெண் வேறு எப்படி முங்குவாள்? மூச்சை விடச் சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. நாங்களும் அதே தாமிரபரணியில் குளித்தவர்கள்தானே.

சரியாக எடுத்தபோது இருபத்திரண்டு. அன்றே என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். டார்லினின் தாய் முன்னால் நின்று, "புள்ள சோத்தக் கொறச்சது நாந்தாம்மா. தப்பு என்னுது" என்றார். எத்தனை பேராசிரியர்கள் இதைச் செய்வார்கள்? நான் செய்யவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டேன்.

அதன்பின் எவரையும் ஐந்து முறைக்குக் குறைவாக அவர் அளந்ததில்லை. "மூச்ச விடுலே, இன்னும் விடு" என்று அவர் போட்ட கூச்சலில் என் வகுப்பு ஒருநாளும் ஒழுங்காக நடந்ததில்லை.

முதல்வர் அவர்களே, இந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டிய அதே பலகையில், திங்கட்கிழமை தொட்டியை இடித்து வண்டிக் கொட்டகை போடும் நோட்டீசையும் ஒட்டியிருக்கிறீர்கள். படத்துக்குப் போட்ட மாலை வாடவாவது விட வேண்டாமா? சுகிர்தா என்று ஒரு மாணவி இந்த அரங்கில் இருக்கிறாள். அவளைக் கண்ணால் பார்த்தே, உடம்பைக் குறைத்துவிட்டு வா என்று அணித் தேர்வில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரும் செவ்வாய்க்கிழமை அவளை அளக்கத் தேவசிகாமணி நாள் குறித்திருந்தார். இனி யார் அளப்பது?

நான் அளக்கிறேன். திங்கள் காலை ஆறு மணிக்குத் தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருக்கும். நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். இன்று பயிற்சியாளராகி, இந்தக் கூட்டத்துக்கும் வந்திருக்கும் டார்லின் தராசைப் பார்ப்பாள். "நீரும் ஒருக்கா உக்காரும் வே" என்று பதினாறு வருடம் கெஞ்சினார். என் தொந்திக்கு வெட்கப்பட்டு மறுத்துவிட்டேன். அது இப்போது உறுத்துகிறது. இடிக்க வருகிறவர்கள் என்னைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு இடிக்கட்டும்.

எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். மௌனம் என்றதும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்கள், இங்கிருந்தே தெரிகிறது. விடுங்கள். இன்னும் விடுங்கள். அவர் நம்மிடம் கேட்டது அவ்வளவுதான்.