முடியாத அழைப்பு

இன்னும் கிட்ட வாருங்கள். நம்முடைய தனஞ்சயனின் அத்தான் சிவரூபனுக்கு நடந்தது இது.

பின்னேரம் ஆறரை மணி. சீனன்குடாப் பக்கம் போகிற றோட்டில் ஒரு சனம் இல்லை. மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகிறார். லிங்கநகரில் கம்ப்யூட்டர் திருத்துகிறவர். கரையோரத்து மீன்பிடிச் சங்கமொன்றின் ரேடியோ அறைக் கம்ப்யூட்டரில்தான் கோளாறு.

கடலில் ஒரு போட் கூப்பிட்டால், மற்றப் போட்டுகளுக்கும் எடுத்துக் கொடுப்பது அந்தக் கம்ப்யூட்டர். ஒரு கிழமையாக, சரியாக ஆறு ஐம்பத்திரண்டுக்கு அப்படியே உறைந்து போகிறது. மௌஸ்கூட அசையாது.

"நேத்து ஒரு போட் கவுந்திட்டு, அண்ணன்" என்றான் ரேடியோவில் இருக்கிற ஹஸ்மி. "கூப்பிட்டிருக்காங்க. எங்களுக்குக் கேக்கல்ல. நீந்தித்தான் தப்பினாங்க."

மெமரி எவ்வளவு போகிறதென்று காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சிவரூபன் காத்திருந்தார். டீசல் மணம். வெளியே தண்ணீர் கல்லில் அடிக்கிற சத்தம்...

ஆறு ஐம்பத்திரண்டு.

ஒரேயொரு அழைப்பு வந்தது. அழைப்பு வந்தால், ரேடியோவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் டிரைவர் புரோகிராம் கொஞ்சம் மெமரியைப் பிடிக்கும், முடிந்ததும் விட்டுவிடும். இது விடவில்லை. பிடித்தது... இன்னும் பிடித்தது... ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. அவர் எழும்பி அன்ரனா வயரைக் கழற்றினார்.

அப்போதும் கூடியது.

திரை உறைந்தது. எங்கிருந்தோ அழுகின பாசி மணம்.

"டிரைவரிலதான் பிழை" என்றார். வேறு என்ன சொல்வது? வயரைத் திரும்பப் பூட்டி, புது டிரைவர் ஒன்றைப் போட்டுவிட்டு வந்தார். அது எதையும் பிடித்து வைக்காது. வருவதை உடனே மற்றப் போட்டுகளுக்கு அனுப்பிவிடும்.

அடுத்த நாள் பின்னேரம் ஏழு மணிக்கு ஹஸ்மி கோல் எடுத்தான்.

"கம்ப்யூட்டர் நல்லா ஓடுது அண்ணன். ஆனா..." மூச்சு வாங்கியது. "எல்லாப் போட்லயும் ஒராள் கூப்பிடுறது கேக்குதாம். 'வெளிச்சம் காட்டுங்கோ... வெளிச்சம் காட்டுங்கோ...' எண்டு. ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியா. ஒரு போட்ல இருக்கிற கஜீபன் பதில் சொல்லிட்டான். தேடிப் போறானாம்."

"போக வேண்டாமெண்டு சொல்லு!"

"சொன்னனான். இப்ப அவன்ட ரேடியோ செட்ல தண்ணிச் சத்தம் மட்டும்தான்."

கஜீபன் தனியாகத்தான் போயிருந்தான். மூன்று நாள் தேடினார்கள். ஒரு பலகைத் துண்டுகூட மிதக்கவில்லை.

நாலாம் நாள் சங்கம் போட்டுகளோடு கதைக்க வேறொரு செட்டைக் கொண்டுவந்து வைத்தது. சிவரூபன் கம்ப்யூட்டரில் பழைய டிரைவரையே திரும்பப் போட்டார். அது வருவதைப் பிடித்து வைக்கும், போட்டுகளுக்கு விடாது. இரண்டு பேரும் கதிரையில் கை கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

ஆறு ஐம்பத்திரண்டு. மெமரியைப் பிடிக்கத் தொடங்கியது.

இந்த முறை... இரண்டு அழைப்பு.