மூதேசி என்றொரு லண்டன் சொல்

விம்பிள்டன் கோயிலிலிருந்து திரும்பும் கூட்டத்தோடு ரயில் ஏறினேன். எதிரே இரண்டு பெண்கள். நெற்றியில் சந்தனம் இன்னும் காயவில்லை. இளையவள் தலை நிமிராமலே சொன்னாள்:

"அமெரிக்காவில இப்ப 'வாயை மூடடி மூதேசி' எண்டு பாடுறாங்களாம், அக்கா."

"ஆர் பாடுறது?"

"அங்கத்தை ராப்காரர். என்ர மகளின்ர ராப் பாட்டில இருந்து எடுத்தவங்கள். எங்கட ஊர் மூதேசியை லண்டன் பெட்டையள் புதுசாக் கண்டுபிடிச்ச சொல்லெண்டு நினைச்சிட்டாங்கள்."

மூத்தவள் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. இளையவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுக்கேன் வெக்கப்படுறாய்? பிள்ளை கெட்டிக்காரி."

"மெல்லக் கதையுங்கோ. அந்த வரியில வாறது அவளின்ர குரல் இல்லை, என்ர குரல். நான் ஏசேக்க போனில பிடிச்சு வைச்சிருக்கிறாள். இண்டைக்குக் கோயில்ல ஒரு பெட்டை, 'அன்ரி, அது நீங்களோ?' எண்டு கேட்டிட்டாள்."

"அப்பிடி என்னத்துக்கு ஏசினனீ?"

ரயில் நின்றது. கதவு திறந்து மூடியது.

"ராப் பாடாதை எண்டுதான்."