மருமகனுக்கு ஒரு சீட்

"ஹலோ... ஹலோ, முத்துலிங்கமண்ணையோ? நான் அருந்ததி. வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் போற பலாலிப் பிளேனுக்கு ரண்டு சீட் கேட்டனான், நோர்வேயிலயிருந்து வந்த... ஓம், ஓம், வெள்ளைக்காரரோட வந்த பிள்ளைதான்."

வெள்ளவத்தை லொட்ஜின் மேசையில் முழங்கையை ஊன்றி, அருந்ததி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வெளியே காலிக்குப் போகும் பெருவீதியில் பஸ்களின் சத்தத்துக்கு மற்றக் காதையும் பொத்தவேண்டியிருந்தது. பக்கத்தில் அவளுடைய வெள்ளைக்காரக் கணவர் அன்னாசி தின்றுகொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி இருந்தார்.

"பேரோ? ஊலாவ்... ஊ. ஊஞ்சலுக்கு வாற ஊ... பாரமோ? நூற்றி நாலு கிலோ... சிரிக்காதேங்கோ அண்ணை. சின்னப் பிளேன் எண்டு தெரியும். பெட்டியைக் குறைக்கிறன், ஆளைக் குறைக்கேலாது... ஓம், ஓம்... அப்ப, கடிதம்?"

கடிதத்தில்தான் எல்லாம் இருந்தது. வெளிநாட்டுப் பாஸ்போட்காரர் யாழ்ப்பாணம் போவதென்றால் பாதுகாப்பு அமைச்சு அனுமதி தரவேண்டும். அதற்கு அங்கேயுள்ள ஒருவர், வருகிறவர் தனக்கு என்ன முறை என்று எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். அருந்ததிக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். ஊலாவுக்கு மாமனாரை விட்டால் ஆளில்லை. மாமனார் கதிர்காமநாதனோ அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் உத்தியோகம் பார்த்தவர். தன் மனம் ஒப்பாத எதற்கும் பேனை மூடியைக்கூடக் கழற்றமாட்டார். கல்யாணம் முடித்ததைச் சொல்லி மகள் எழுதிய கடிதத்துக்கு ஒன்பது வருடமாக ஒரு வரி பதில் இல்லை. அவரிடம்தான் முத்துலிங்கம் வேலை செய்யும் இந்த விமானக் கந்தோர் மூலமாக அவள் கேட்டு விட்டிருந்தாள்.

"இல்லையண்ணை, வராட்டி என்ர சீட்டையும் வெட்டிவிடுங்கோ. இவரை இஞ்ச விட்டிட்டு நான் மட்டும் போய் அந்த வீட்டில சோறு தின்னமாட்டன்... என்ன?... வந்திட்டுதோ?... நேற்றையப் பிளேனில வந்ததை இப்பதான் சொல்லுறியள், பாரம் கேட்டுச் சிரிச்சுக்கொண்டு... வாசியுங்கோ. தலைப்பு வேண்டாம், முறையெண்ட இடத்தை வாசியுங்கோ. என்ன போட்டிருக்கு, விருந்தாளி எண்டோ?..."

அவள் கதிரையை இழுத்து இருந்துகொண்டாள்.

"திருப்பி வாசியுங்கோ... ஓம்... ஓம்... மருமகன். 'எனது மருமகன்' எண்டோ?... கையெழுத்தும் வைச்சிருக்கிறாரோ?... அழேல்லை அண்ணை. தடிமன், மூக்கு ஒழுகுது."

பச்சைப் பொய். கண்ணீர் நாடி வரைக்கும் வந்துவிட்டது. ஊலாவ் பாவம், காரியம் கெட்டுப்போயிற்று என்று நினைத்து அன்னாசியை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவள் அவருடைய கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் கிடக்கோ? கீழ, பென்சிலாலயோ?... உறைப்புக் கறி தின்னுவாரோ எண்டு கேட்டிருக்கிறாரோ? பாதுகாப்பு அமைச்சுக்குப் போற கடிதத்திலயோ?... வேண்டாம், வேண்டாம், அழிக்காதேங்கோ. அமைச்சும் வாசிக்கட்டும்... ஓம், ஓம்... உங்கட யாழ்ப்பாணக் கந்தோருக்குச் சொல்லி அப்பாவுக்கு அறிவியுங்கோ, நல்லாத் தின்னுவாராம் எண்டு... ஓம் அண்ணை, பொய்தான். வெள்ளிக்கிழமைக்கிடையில பழக்கிப்போடுவன்... வைக்கிறன்."