எட்வினின் பாத்தியில் மக்காமல் கிடந்த தேயிலைப் பைகள்

கையில் சுத்தியலும் கண்ணில் கண்டிப்புமாக இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும், லீக்ஸ் எனும் வெங்காயத் தண்டு வளர்ப்போர் சங்கத்தின் பெருமதிப்பிற்குரிய தலைவர் கிளிஃபர்ட் ஹெஸ்லப் அவர்களே! சுரங்கம் மூடிய பின்னும் மண்வெட்டியைக் கீழே வைக்காத பெரியவர்களே! கொதிகெண்டி அருகே நின்றபடி, இவள் எப்போது முடிப்பாள் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! இன்றைய கண்காட்சியில் பரிசு வென்றவர்களே, வென்றவர்களை முறைப்பவர்களே! உங்கள் அனைவருக்கும் பிரெண்டா ஹின்ட்மார்ஷின் பணிவான மாலை வணக்கம்.

நான் வியாபாரி. டர்ஹம் சந்தையில் மடக்கு மேசை போட்டுத் தேயிலை விற்றுக் கடை வைத்தவள். விற்கும்வரைதான் பொருள் என் பொறுப்பு என்று இருந்தவள். ஆனால் இந்த ஆண்டு ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. குடித்து முடித்த பிறகு அந்தப் பை எங்கே போகிறது? போய் என்ன ஆகிறது?

எங்கெங்கோ போகிறது, ஐயா! அடிப்பிடித்த வாணலியில் ஊறுகிறது. மீன் நறுக்கிய கையில் நாற்றம் போகத் தேய்படுகிறது. அழுது வீங்கிய கண்ணுக்கு மேலே குளிர்ச்சியாய் அமர்கிறது. பேருந்து ஓட்டும் ரெஜினால்டின் காலணிக்குள் வாடையை உறிஞ்சக் காய்ந்த பையாய்க் குடியிருக்கிறது. சிரிக்காதீர்கள். அவர் மனைவியே என்னிடம் சொன்னதுதான். என்ன ரெஜ், இல்லையா?

மிச்சமெல்லாம் கொல்லைக் கதவோரத்து வாளிக்குள் விழுகிறது. வாளி நிறைந்தால் லீக்ஸ் பாத்திக்கு உரமாகப் போகிறது. நம் ஊரில் ஒருவர் யாருக்கு வாளி கொடுக்கிறார் என்று பார்த்தாலே, அவர் யார் கட்சி என்று தெரிந்துவிடும்!

இப்படிப் பாதித் தெருவின் வாளிகளை வாங்கியவர் எட்வின் வேர்மவுத். அதோ, கடைசி வரிசையில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கண்காட்சிக்கு முன், இது அவரவர் மண்ணில் வளர்ந்ததுதான் என்று இலையில் முத்திரை குத்தச் சங்கத்தார் வீடு வீடாகப் போனார்களே, அன்று நடந்ததைச் சொல்கிறேன். எட்வினின் பாத்தி ஓரத்தில் தலைவரின் கால் சறுக்கியது. மண் சரிந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாய்ச் சிறு பொட்டலங்கள். தலைவர் கேட்டார்:

“என்னடா எட்வின், உர மருந்தைப் பொட்டலம் கட்டிப் புதைச்சு வெச்சிருக்கே?”

“டீ பேக்குண்ணே, போன வருஷத்து வாளியில வந்தது. உங்க வீட்டு டீ பேக்கு மாதிரிதான்.”

“போன வருஷம் போட்டது இன்னும் முழுசா கெடக்குமா? யார் காதுல பூ சுத்தறே?”

“பொய் சொல்றதா இருந்தா, இதைவிட நல்ல பொய்யா சொல்லியிருக்க மாட்டேனா?”

கடைச் சரக்கு உரம் போட்டால் நம் சங்கத்தில் இடமில்லை. முத்திரை விழவில்லை. பெயரை நீக்கிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. மதுக்கடையில் அவர் பக்கத்து நாற்காலிகள் காலியாயின. வாளி கொண்டுவந்தவர்கள் அவர் வாசலைத் தாண்டி நடந்தார்கள். ஒரு மனிதரின் நாணயம் மண்ணுக்குள் கிடந்தது, பெருமக்களே!

எனக்கு இரக்கம் வந்ததா? உண்மையைச் சொல்கிறேன், வந்தது அரிப்பு. தெரிந்துகொள்ளும் அரிப்பு! எட்வினிடம் ஒரு பையைக் கேட்டு வாங்கினேன். கழுவினேன். உள்ளே இலை இல்லை, கறுத்து மணக்கும் நல்ல மண். ஆனால் மேல்தோல்? இழுத்தேன், கிழியவில்லை. உலர்த்தி நெருப்புக் காட்டினேன். காகிதம் என்றால் சாம்பலாக வேண்டும். இது சுருங்கியது, உருகியது, கறுத்த மணியாய் இறுகியது. பெருமக்களே, அது பிளாஸ்டிக்!

என்ன சொல்கிறீர்கள், அந்த மூலையில்? அது என் கடைப் பைதானே என்றா? ஆமாம், என் கடைப் பைதான். இப்போது மக்குவதையும் மக்காததையும் வேறு வேறு தட்டில் அடுக்கியிருக்கிறேன். மக்குவது கொஞ்சம் விலை கூடுதல். வந்து வாங்குங்கள்!

பையோடு நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன். உங்கள் பாத்தியையும் கிளறிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கண்காட்சிக்கு முன் பிறர் மண்வெட்டி தன் பாத்தியில் படுவதா? என் பிணத்தைத் தாண்டிப் போ என்ற தோரணையில் வேலிக் கதவில் சாய்ந்துகொண்டார். அவர் துணைவியார் நோரா, பாத்திரம் கழுவிய கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

“தள்ளுங்க. வாளி தூக்கிட்டு வந்து கொட்டினது நானு. நானே தோண்டறேன்.”

தோண்டினார். ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. வந்துகொண்டே இருந்தது! ஒரு பையைக் கணவரின் உள்ளங்கையில் வைத்தார்.

“அவர் மண்ணுல கெடந்தா மருந்து, நம்ம மண்ணுல கெடந்தா டீயா?”

தலைவர் முத்திரைக் கட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தெருவே பார்க்க எட்வின் வீட்டுக்கு நடந்தார். தன் தவற்றைத் தானே நடந்து போய்த் திருத்திய தலைவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்!

எட்வினின் லீக்ஸ் இன்று கண்காட்சி மேசை ஏறியது. வென்றதா? இல்லை. தண்டு மெலிந்துவிட்டது. ஆனால் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டுத் தோற்கவில்லை. மேசை மேலே, எல்லார் கண்முன்னே, நியாயமாகத் தோற்றார்! அந்தத் தோல்விக்காகத்தானே அவர் போராடினார்!

ஆகவே சொல்கிறேன். பையைக் கிழியுங்கள்! இலையை மண்ணுக்குக் கொடுங்கள், தோலைக் குப்பைக்குக் கொடுங்கள். கிழிக்கச் சோம்பலா? மக்கும் பை வாங்குங்கள். குப்பை என்று ஒரு பொருளை எறியுமுன் அது என்ன என்று பாருங்கள். பொய்யன் என்று ஒரு மனிதரை எறியுமுன், முதலில் உங்கள் பாத்தியைத் தோண்டிப் பாருங்கள்!

பொறுமையாய்க் கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் குறுக்கே பேசியவர்களுக்கும் என் நன்றி. எட்வின், அந்தக் கடைசி வரிசை உங்களுக்கு வேண்டாம். முன்னால் வந்து எங்களோடு உட்காருங்கள். அனைவருக்கும் வணக்கம்!