மறுபடியும் பேட்டரி டவுன்

— இல்ல மாமி, தெரியாமத்தான் கேக்கறேன். இந்த மாருதிய யாரு தொடறாங்க?

— யாரு தொடுவா, வலியுல்லா? நான்தான் தூசி தட்டறேன்.

— தூசி தட்டினா பேட்டரி எறங்குமா? பதினோரு நாள் முன்னாடிதான் ஃபுல் சார்ஜ் போட்டு மாட்டிட்டுப் போனேன். இப்ப சாவியத் திருப்பினா 'கிடுக்'னு ஒரு சத்தம்... அவ்ளோதான்.

— பேட்டரி பழசோ என்னவோ.

— பொங்கலுக்கு நானே புதுசு மாட்டினேன்.

— அப்போ உன் பேட்டரி சரியில்லைன்னு அர்த்தம்.

— அட இன்னா மாமி, என் தலையிலயே கட்டறீங்க...

— காபி ஆறிடப் போறது. முதல்ல குடி.

— குடிக்கறேன். எங்க வூட்ல நஸ்ருன்னிசா கேக்கறா, மயிலாப்பூருக்கு மாருதியப் பாக்கப் போறியா, மாமி காபிக்குப் போறியான்னு.

— அவளையும் ஒரு நாள் கூட்டிண்டு வாயேன். நன்னாப் பேசுவா போலிருக்கே.

— பேச்ச மாத்தாதீங்க. தெனம் வண்டிகிட்ட இன்னா பண்றீங்க, அதச் சொல்லுங்க.

— ஒண்ணும் பண்ணல... காத்தால பூஜை முடிஞ்சதும் உள்ள உக்காந்து, சாவியை ஒரு தடவை திருப்புவேன்.

— திருப்பி?

— பேட்டரி படம் போட்ட லைட் ஒண்ணு செவப்பா எரியும். எரிஞ்சா வண்டி நன்னா இருக்குன்னுதானே? ஒரு அரை மணி அப்படியே உக்காந்துண்டிருப்பேன். அப்புறம் அணைச்சுடுவேன்.

— ஸ்டார்ட் பண்ணாமயா?

— எனக்கு ஏதுப்பா ஸ்டார்ட் பண்ணத் தெரியும். மாமா பரோடா போறச்சே, தினம் கொஞ்ச நாழி வண்டியை ஆன் பண்ணி வை, இல்லேன்னா பேட்டரி போயிடும்னார். பண்றேன்.

— போச்சு... மாமி, அது எரிஞ்சா நல்லதில்ல. சார்ஜ் ஏறல, பேட்டரி காலியாயிகினு கீதுன்னு வண்டி நம்மளுக்குச் சொல்லுது.

— ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர்ல செவப்பு எரிஞ்சா கரண்ட் வர்றதுன்னு அர்த்தம். இதுக்கு மட்டும் தனிச் சட்டமா?

— அது வேற, இது வேற மாமி. இத மொதல்லயே சொல்லக் கூடாதா? ஏழு தபா பேட்டரியத் தூக்கிகினு அலைஞ்சிருக்கேன்.

— நீ கேக்கலையே.

— சரி. யாரையாச்சும் வெச்சு லஸ் வரைக்கும் ரெண்டு ரவுண்டு வாங்க. ஓடினா தானா சார்ஜ் ஏறிடும். பக்கத்து வூட்ல யாரும் ஓட்ட மாட்டாங்களா?

— ஓட்டுவா. ஆனா மாமா எப்போ வரார்னு கேப்பா. கோயிலுக்குப் போனா அங்கேயும் அதேதான். பயந்துண்டு நான் வாசல் தாண்டறதையே விட்டுட்டேன்.

— அதுக்காக வூட்டுக்குள்ளயே கெடப்பீங்களா?

— நாள் பூரா இந்த ஆத்துல என் குரலை நானே கேக்கறதில்லப்பா. கஷ்டமா இருக்கு.

— மாமி...

— விடு. நீ சார்ஜ் போட எடுத்துண்டு போ.

— போட்டு மாட்டிட்டு, வயர மட்டும் கழட்டி வெச்சிடறேன். அப்புறம் மூணு மாசம் ஆனாலும் எறங்காது.

— வயரைக் கழட்டாதே.

— ஏன்?

— மாமா திடீர்னு வந்தா?

— வந்தா ஒரு ஸ்பேனர், ரெண்டு நிமிட்டு. மாட்டிக்குவாரு.

— கழட்டாதேன்னா கழட்டாதே.

— கேளுங்க மாமி. அடுத்த வாரம் கடையத் திருவல்லிக்கேணிலேர்ந்து ஆதம்பாக்கத்துக்கு மாத்தறேன். இந்த மாதிரி கூப்ட்டவொடனே ஓடியாற முடியாது.

— ஆதம்பாக்கமா...

— ஆமா. அதான், போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஒரு வருசமா மனச அரிச்சிகினு கீது.

— சொல்லு.

— சார் பரோடா போனாரே, அன்னிக்கி மத்தியானம் கடைக்கு வந்தாரு. நான் இனிமே திரும்பி வரப் போறதில்ல வலியுல்லா, வண்டிய அப்பப்ப பாத்துக்கோன்னாரு. மாமிகிட்ட சொல்லாதேன்னாரு. நானும் சொல்லல... தப்புத்தான். மன்னிச்சிக்கங்க.

— உன்கிட்டயாவது வாயைத் தொறந்து சொன்னாரே.

— இன்னா மாமி... உங்களுக்குத் தெரியுமா?

— பீரோல அவர் துணி ஒண்ணு பாக்கியில்ல. நாலு நாள் ஆபீஸ் வேலைன்னு சொல்லிட்டுப் போறவர் ஸ்வெட்டர் வரைக்குமா எடுத்துண்டு போவார்?

— அப்ப அந்த லைட்டப் போட்டுகினு தெனம் உக்காந்திருந்தது...

— அது எரிஞ்சா பேட்டரி இறங்கும்னும் தெரியும். இறங்கினாத்தானேப்பா நீ வருவே? நீ வந்து சத்தம் போட்டுட்டுப் போனா, ரெண்டு நாளைக்கு ஆத்துல மனுஷா இருக்கற மாதிரி இருக்கும்.

— கூப்ட்டா சும்மாவே வந்திருப்பேனே மாமி... இப்ப இன்னா பண்றது? ஆதம்பாக்கம் தூரமாச்சே...

— எந்தத் தெருன்னு சொல்லு. அன்னிக்கு மாமாவை சென்ட்ரல்ல கொண்டு விட்டுட்டு, கண்ணைத் தொடச்சிண்டே இதே வண்டியை மயிலாப்பூர் வரைக்கும் ஓட்டிண்டு வந்தவ நான்தான். உன் கடைக்கு வரத் தெரியாதா எனக்கு?