பெரிய சிலுவையடியில் ஒரு பால் டப்பா

அண்ணி: சுண்ணாம்பை இவ்வளவு கெட்டியாவா கரைப்பாங்க? இது கல்லறைடீ லீமா. உன் சைகோன் பங்களா இல்ல.

நான்: பங்களாவா! ஜவுளிக் கடைக்குப் பின்னால ஒரே ரூமு, அண்ணி. உங்க தம்பி காலை நீட்டினா கதவு சாத்தாது.

அண்ணி: ராயப்பன் கால் அப்படித்தான். இங்கயும் கட்டிலுக்கு வெளியதான் தொங்கும்... சரி, மட்டையைக் குடு. அப்பா தலைமாட்டை நானே அடிக்கிறேன். மழைக்கு முன்ன முடிக்கணும்.

நான்: நாளைக்குக் கல்லறைத் திருநாள். இந்தக் காத்துல மெழுகுவத்தி எப்படி நிக்கும்?

அண்ணி: டப்பாவுல உப்பைக் கொட்டி நடணும். மத்த ஊர்ல மண்ணு போடுவாங்க. மரக்காணத்துல நமக்குக் கைக்கு வர்றது உப்புதானே.

நான்: தெரியும்.

அண்ணி: தெரியுமா? யாரு சொன்னா?

நான்: ...போன வருசம் பாத்தேன்.

அண்ணி: ம்... காலையில உபதேசியார் வந்தாரு. பூசையில வாசிக்க, செத்தவங்க பேரு கேட்டாரு.

நான்: குடுத்துட்டீங்களா?

அண்ணி: அப்பா, அம்மா, சின்னம்மா... அஞ்சு பேரு. சாயந்திரம் வரைக்கும் சேக்கலாமாம். வேற யாராச்சும் இருந்தா.

நான்: எங்கம்மா பேரு?

அண்ணி: அதையும் சேத்துதான் அஞ்சு. வேற?

நான்: வேற... யாரு இருக்காங்க.

அண்ணி: கேட்டேன், அவ்வளவுதான். ராயப்பன் பேரை எப்பவும்போல பயணத்துல இருக்கிறவங்க ஜெபத்துக்குச் சொல்லிட்டேன். ஒன்றரை வருசமா அந்த ஜெபத்துல அவன் ஒருத்தன்தான். கப்பல்ல இருக்கானா, கேம்ப்ல இருக்கானான்னு சாமியாரே கேக்கறாரு.

நான்: பேப்பர் முடியலன்னு சொன்னேனே அண்ணி. புது கவர்மெண்டு... ஒவ்வொருத்தராத்தான் விடறாங்க.

அண்ணி: சொன்ன, சொன்ன. ஏர்போட்டு வரைக்கும் வந்தான், கையை ஆட்டினான்... என்ன சட்டை போட்டிருந்தான்?

நான்: வெள்ளை.

அண்ணி: முன்ன நீலம்னு சொன்ன. வெயில்ல அப்படித்தான் தெரியும். கையில சுண்ணாம்பு வழியுது பாரு. வெந்துடும். கழுவு.

நான்: பரவால்ல.

அண்ணி: கழுவுடீங்கறேன்ல.

நான்: அண்ணி... ஒரு பேரு சேக்கணும். அவரு ஏர்போட்டுக்கு வரல.

அண்ணி: கையை நிறுத்தாத. அடிச்சிக்கிட்டே சொல்லு.

நான்: சைகோன் விழறதுக்குக் கொஞ்ச நாள் முன்ன. ஊரைச் சுத்திச் சண்டை. குழந்தைக்கு மூணு நாளா வெறும் கஞ்சித் தண்ணி. நான்தான் கத்தினேன். "பொண்ணு அழுவறது காதுல விழலையா, ஒரு டப்பா பால் வாங்கத் துப்பில்லையா"ன்னு... செருப்புகூட மாட்டாமப் போனாரு. மார்க்கெட்டுல ராக்கெட் விழுந்துச்சு.

அண்ணி: மாதாவே...

நான்: அவரு மட்டுமில்ல அண்ணி. காய் விக்கிற பொம்பளைங்க, சைக்கிள்காரங்க... வரிசையாப் போட்டுப் பாயால மூடியிருந்தாங்க. ஒவ்வொரு பாயாத் தூக்கிப் பாக்கத் தைரியம் இல்ல. தேவையும் படல. ஒரு பாய்க்கு வெளிய ரெண்டு காலும்...

அண்ணி: நீட்டிக்கிட்டு இருந்துச்சா.

நான்: ம். கையில பால் டப்பா. ஒரு பக்கம் நசுங்கி. அதைத்தான் அன்னைக்குக் குழந்தைக்குக் கரைச்சு ஊத்தினேன். மறுநாள் பிளேன். எங்க புதைச்சாங்க, யாரு புதைச்சாங்க, எதுவும் தெரியாது.

அண்ணி: அழுவாத. சுண்ணாம்புக் கையோட கண்ணைத் தொடாத.

நான்: அனுப்பினது நான்னு உங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்? திட்டுங்க அண்ணி. ஒரு தடவை திட்டிடுங்க.

அண்ணி: பொண்ணு அழுதா நீ சொல்லாட்டியும் போயிருப்பான்டீ அவன்... திட்டணும்னா ஒரு வருசமாத் திட்டியிருப்பேன்.

நான்: ஒரு வருசமாவா?

அண்ணி: போன திருநாளுக்கு எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினப்ப, செபமாலையை விட்டுட்டேன்னு நீ மட்டும் ஓடின. அது உன் கழுத்துலயே கெடக்குது. பின்னாலயே வந்தேன்.

நான்: பெரிய சிலுவைக்கா...

அண்ணி: வெளியூர்ல செத்தவங்களுக்கு வத்தி வைக்கிற இடம். அங்க உனக்கு யாரு இருக்கா? கிட்டப் போய்ப் பாத்தேன். ஒரு பக்கம் நசுங்கின பால் டப்பா. அதுல நம்ம ஊரு எழுத்து இல்ல.

நான்: தெரிஞ்சும் ஏன் கேக்கல? வாராவாரம் பயணத்து ஜெபத்துல வேற...

அண்ணி: தலையில பூ வச்சிக்கிட்டு இருந்த. கேட்டிருந்தா அன்னைக்கே எடுத்திருப்ப.

நான்: உங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னுதான் அண்ணி பூவே வச்சேன்.

அண்ணி: தெரியும்டீ.

நான்: அன்னைக்குக் கடல் காத்து அப்படி அடிச்சுது. நான் திரும்பும்போதே வத்தி துடிச்சிச்சு. ராவெல்லாம் அதே நினைப்பு... அணைஞ்சிருக்கும், அவரு இருட்டுல நிப்பாருன்னு...

அண்ணி: மூணு வாட்டி அணைஞ்சுது. மூணு வாட்டியும் நான் கொளுத்திட்டுதான் வீட்டுக்கு வந்தேன்.