எழுபத்தொரு மார்க் மூளை

டாக்டர்: …நம்பர் என்கிட்ட இருக்குப்பா. எழுபத்தொண்ணு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நான் கேக்கறது படத்தை.

ஸ்கேன்காரர்: படம் எதுக்கு சார்? நம்பரே போதும்னு நீங்கதானே சொல்லுவீங்க.

டாக்டர்: அது தினசரி வேலைக்கு. நாளைக்கு மாநாடு. முந்நூறு டாக்டர்ங்க முன்னாடி வெறும் எழுபத்தொண்ணுன்னு காட்டினா பஸ் நம்பர்னு நினைப்பாங்க.

ஸ்கேன்காரர்: பஸ் நம்பரைப் பார்த்தா எங்க போகுதுன்னாவது தெரியும்.

டாக்டர்: என்ன?

ஸ்கேன்காரர்: தேடறேன்னு சொன்னேன் சார்.

டாக்டர்: மூணு நாளா தேடறே! அதே கம்ப்யூட்டர்தானே மூளைப் படத்தைப் பார்த்து, ஆபரேஷன் முடிஞ்ச ஆள் எழுந்து நடப்பாரா மாட்டாரான்னு நாலே நிமிஷத்துல மார்க் போடுது? நூத்துக்கு இத்தனைன்னு?

ஸ்கேன்காரர்: ஜோசியம் சொல்றது சுலபம் சார். தேடறதுதான் கஷ்டம்.

டாக்டர்: ஜோசியம்னு சொல்லாதே. கணிப்பு.

தையல் அக்கா: உள்ள வரலாமா டாக்டர்?

டாக்டர்: அடடே, வாங்க வாங்க! நடந்தேவா வந்தீங்க?

தையல் அக்கா: பறக்கறதுக்கு இன்னும் பயிற்சி ஆரம்பிக்கல.

டாக்டர்: வலது கையைத் தூக்குங்க… இன்னும்… தலைக்கு மேல… பாத்தியாப்பா! மூணு மாசம் முன்னாடி மரக்கட்டை மாதிரி கிடந்த கை. எழுபத்தொண்ணு!

தையல் அக்கா: தம்பி, எனக்குப் பேருன்னு ஒண்ணு இருக்கறது இவருக்குத் தெரியுமா?

ஸ்கேன்காரர்: ஃபைல்ல பார்த்திருப்பார்க்கா.

டாக்டர்: நாளைக்கு மேடையில ஊசியில நூல் கோத்துக் காட்டுவீங்களா?

தையல் அக்கா: ஊசி என்ன, ஒரு கோட்டே தைச்சுக் காட்டறேன். நீங்க போட்டிருக்கறதுல இடது தோள் தொங்குது, பார்க்கவே சகிக்கல. ஆமா டாக்டர், என் தலைக்குள்ள அடைப்புக்குப் பக்கத்துல வேற ரத்தக் குழாயை எடுத்து ஒட்டுப் போட்டீங்களே, எத்தனை தையல்?

டாக்டர்: பன்னெண்டு. முடியை விட மெல்லிசான நூல்ல.

தையல் அக்கா: பன்னெண்டா! நல்ல கை உங்களுக்கு. கண்ணுதான் எப்பவும் திரையிலயே ஒட்டிக்கிட்டு இருக்கு.

டாக்டர்: திரைதான் உண்மையைச் சொல்லும். நீங்க தேறிடுவீங்கன்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா?

தையல் அக்கா: அதுக்கு முந்தின நாள் வேற சொன்னீங்க. ‘கை வராது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ன்னு. என் வீட்டுக்காரர் ஆட்டோவே பிடிச்சுட்டு வந்து நின்னார்.

டாக்டர்: அது முதல் படம். இருபத்திரண்டு. மெஷினுக்குள்ள நீங்க ஆடிட்டீங்க. இவன்தான் கவனிச்சு மறுபடி எடுத்தான். இல்லப்பா?

ஸ்கேன்காரர்: …ம்.

டாக்டர்: அறுபதுக்கு மேல வந்தா பயிற்சி வார்டு. கீழ வந்தா கையில ஒரு நோட்டீஸைக் கொடுத்து வீட்டுக்கு. சட்டம்னா சட்டம்.

தையல் அக்கா: வார்டுல ஆறு கட்டில் இருக்கு. ரெண்டு காலியாவே கிடக்கு.

டாக்டர்: நல்ல மூளைக்காகக் காத்திருக்கு.

தையல் அக்கா: மூணு மாசமா அங்க தலையணைதான் தேறிட்டு வருது.

ஸ்கேன்காரர்: சார்… இருபத்திரண்டு வாங்கினவங்க தேற வாய்ப்பே இல்லையா?

டாக்டர்: ஒருத்தரைக் காட்டு பார்க்கலாம். ரெண்டு வருஷத்துல ஒரே ஒரு ஆள்! கிடையாது. ரெக்கார்டு அவ்வளவு சுத்தம்.

ஸ்கேன்காரர்: அவங்களுக்குத்தான் நாம பயிற்சியே கொடுக்கலையே.

டாக்டர்: தேறாதவங்களுக்கு எதுக்குப்பா பயிற்சி?

ஸ்கேன்காரர்: இல்ல சார், கொடுத்திருந்தா…

டாக்டர்: குழப்பாதே. அதுமட்டுமில்ல, நாளையிலேருந்து வரம்பை எழுபதாக்கறேன். மேடையிலயே அறிவிக்கப்போறேன்.

ஸ்கேன்காரர்: எழுபதா! ஏன் சார்?

டாக்டர்: இவங்களை வச்சுத்தான். எழுபத்தொண்ணே இப்படி ஓடியாடுதுன்னா, அறுபது எழுபதுக்குள்ள இருக்கறதுக்கு எதுக்கு மெனக்கெடணும்?

தையல் அக்கா: இருங்க இருங்க. பக்கத்துக் கட்டில்ல ஒரு லாரி டிரைவர் இருக்காரே, அவர் என்ன நம்பர்?

டாக்டர்: அறுபத்துநாலு. நாளைக்குக் காலையில டிஸ்சார்ஜ். கையெழுத்துப் போட்டாச்சு.

தையல் அக்கா: அய்யோ, அவர் நேத்துதானே முதல் தடவையா சட்டைப் பொத்தானைத் தானே போட்டார்! மேலேருந்து மூணு. மேல் பொத்தானைக் கீழ் ஓட்டையில மாட்டிக்கிட்டு, அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சார். அவரையா அனுப்பப்போறீங்க?

டாக்டர்: மிச்சப் பொத்தானை வீட்டுல போட்டுக்கட்டும்.

தையல் அக்கா: வீட்டுல யாரு இருக்கா டாக்டர், அந்த மனுஷனுக்கு? லாரிதான் வீடு.

டாக்டர்: உங்களாலதாம்மா இந்த மாற்றமே. பெருமைப்படுங்க.

தையல் அக்கா: தம்பி.

ஸ்கேன்காரர்: அக்கா, வேண்டாம்…

தையல் அக்கா: நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?

ஸ்கேன்காரர்: மாநாடு முடியட்டும்க்கா. எனக்கு ரெண்டு பிள்ளைங்க படிக்குது…

தையல் அக்கா: எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அந்த மனுஷன் நாளைக்குப் பையைத் தூக்கிட்டுக் கிளம்பும்போது என் முகத்தைத்தான்டா பார்ப்பார்.

டாக்டர்: என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?

ஸ்கேன்காரர்: …படம் கிடைச்சிருச்சு சார்.

டாக்டர்: அப்படி வா வழிக்கு! போடு திரையில. பெருசா… ஆஹா! பாருங்கம்மா, உங்க மூளை.

தையல் அக்கா: காலிஃபிளவர் மாதிரி இருக்கு.

டாக்டர்: அடேயப்பா… மண்டை ஓட்டைத் திறந்த அடையாளமே இல்ல பாரு! ஒட்டுப் போட்ட இடம் எங்கேன்னு எனக்கே தெரியல. என் கைவேலை அப்படி!

ஸ்கேன்காரர்: தெரியாது சார். எப்படித் தெரியும்?

டாக்டர்: அடைப்பு இருந்த குழாயா இது? பிறந்த குழந்தைக்கு இருக்கற மாதிரி இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லணும். மூளை கொஞ்சம் சுமார்தான். இங்க சுருங்கியிருக்கு பாரு. அறுபது வயசை நெருங்கற மூளை.

தையல் அக்கா: எனக்கு நாப்பத்திநாலுதான்.

டாக்டர்: வயசைக் குறைச்சு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, நம்புவார். படத்துக்கிட்ட செல்லாது. இந்த முன்பக்கமும் அவ்வளவு சுகமில்ல. புதுசா எதுவும் ஏறாது. சொன்னதையே சொல்லும், அடுத்தவங்க சொல்றது காதுல விழாது. நீங்க கோச்சுக்கக் கூடாது.

தையல் அக்கா: நான் எதுக்கு டாக்டர் கோச்சுக்கப்போறேன்?

டாக்டர்: தையல் வேலைக்கு இது தாராளமாப் போதும். இதுக்கு மேல பொறுப்பான வேலைன்னா நான் யோசிப்பேன்.

ஸ்கேன்காரர்: சார், இது அக்கா மூளை இல்ல.

டாக்டர்: என்னது?

ஸ்கேன்காரர்: அக்கா ஆடவே இல்ல சார். மறுபடி நான் படம் எடுக்கவும் இல்ல. பழைய படம் ஒண்ணை அவங்க பேர்ல ஏத்தினேன். அவங்களோட உண்மையான மார்க் இருபத்திரண்டுதான்.

டாக்டர்: இருபத்திரண்டா? இருபத்திரண்டு எழுந்து நடக்காதுய்யா!

தையல் அக்கா: மன்னிச்சுக்குங்க. எனக்குத் தெரியாம நடந்துட்டேன்.

டாக்டர்: உன் வேலை போச்சு! தெரியுமா உனக்கு?

ஸ்கேன்காரர்: தெரியும் சார். மூணு மாசமா சோறு சரியா இறங்கல. எந்நேரமும் பயம்.

டாக்டர்: அப்புறம் எதுக்குய்யா செஞ்சே?

ஸ்கேன்காரர்: மெஷின்ல படுக்கறதுக்கு முன்னாடி அக்கா அந்த ஆஸ்பத்திரி கவுனைப் பார்த்துக் கத்தினாங்க சார். வாய் கோணிக்கிட்டு, பேச்சு குழறுது. அப்பவும், ‘இதைத் தைச்ச மகராசன் யாரு, அக்குள்ள துணியே விடல’ன்னு ஒரே சண்டை. இடது கையாலயே தையலைப் பிரிச்சுக் காட்டினாங்க. வார்டுல கட்டில் காலியா இருக்கும்போது இந்த ஆளை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வரல.

டாக்டர்: அந்தக் கோபம் எந்தப் படத்துல வந்துச்சு?

ஸ்கேன்காரர்: எதுலயும் வரல சார். அதான் சொல்றேன்.

தையல் அக்கா: டாக்டர், அந்த டிரைவர் பேப்பரை முதல்ல கிழிங்க. மத்ததை அப்புறம் பேசுவோம்.

டாக்டர்: இருங்கம்மா! மூளையே குழம்புது… ஏய், அப்ப இது யாருது? இவ்வளவு நேரம் நான் பார்த்துக்கிட்டிருந்த இந்தச் சுமாரான மூளை… எந்த ஆளுது?

ஸ்கேன்காரர்: மெஷின் வந்து இறங்கின அன்னைக்கு, ஃபோட்டோ எடுக்கணும்னு மாலையோட முதல் ஆளா உள்ள போய்ப் படுத்தீங்களே… நீங்கதான் சார்.